பின்சக்கரத்துக் கல்

எடுத்துப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எடுக்காமலா இருந்திருப்பேன். வண்டியைக் கிளப்பும் முன் இறங்கிப் பின்னால் போய், சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு ஏறுவது எனக்குப் பல் விளக்குவது மாதிரி. இன்றைக்குப் பல் விளக்கினாயா என்று மத்தியானத்தில் யாராவது கேட்டால் விளக்கியதை நினைத்துப் பார்த்தா சொல்ல முடியும், விளக்காமல் இருந்திருக்க மாட்டேன் என்று தெரியும், அவ்வளவுதான். அதுபோலத்தான் இதுவும். எடுத்திருப்பேன். ஆனால் சற்று முன் இந்த இடத்துக்கு வந்து வண்டி நின்று, பின்பக்கத்து ஸ்பேடு, அதுதான் மண்வெட்டி மாதிரி மண்ணுக்குள் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொள்கிற அகலமான இரும்புக் கால், அது போய்க் கீழே உட்கார்ந்தபோது என் சீட்டுக்கு அடியில் ஒரு நறுக் வந்தது. வந்ததா? சத்தமாக இல்லை, சத்தமாக இருந்தால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எங்கள் தலைவர் சாப் திரும்பிப் பார்த்திருப்பார். இடுப்பெலும்புக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நறுக், கடலை மிட்டாயில் மண் கடிபட்டால் பல்லுக்கு மட்டும் தெரியுமே அப்படி. மற்ற நாளெல்லாம் ஸ்பேடு இந்த மணலில் புஸ்ஸென்று எருமை படுப்பது போலப் படுக்கும். இன்றைக்கு அப்படிப் படுக்கவில்லை. இல்லை, படுத்துதான் இருக்கும், நான்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, காலிவயிற்றில் எல்லாமே நறுக்தான்.

எட்டுச் சக்கரம். நான் ஓட்டிய லாரிகளையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு கனத்தை நான் இழுத்ததில்லை, ஆனால் இழுக்கிறோம் என்றே தெரியாது, அப்படி ஓடும், ரோட்டில் விட்டால் கார்க்காரனோடு போட்டி போடும், ரோட்டை விட்டு இறக்கினால் கழுதை மாதிரி ஏறும். முதுகில்தான் பீரங்கி. படுக்கவைத்த பனைமரம் கணக்காய்க் குழல் நீட்டிக்கொண்டு என் தலைக்கு மேலேயே தாண்டிப் போகிறது. மற்ற பீரங்கியை இன்னொரு வண்டி கட்டி இழுக்க வேண்டும், இதுவே வண்டி, இதுவே பீரங்கி. சாப் பட்டாளத்தில் இருந்த காலத்தில் ஒரு பீரங்கிக்கு எட்டு ஒன்பது பேர் வேண்டுமாம், குண்டைத் தோளில் தூக்குவதற்கும் மருந்தைத் திணிப்பதற்கும் கத்துவதற்கும். எல்லாருக்கும் முதுகு போய்விடும், காதும் போய்விடும் என்று சொல்வார். இங்கே மூன்று பேர். ஏசி போட்ட கேபினை விட்டு யாரும் கீழே கால் வைப்பதில்லை. நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவேன், எனக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிற ஷீபா மேடம் பொத்தானைத் தொடும், இரும்புக் கால்கள் தானே இறங்கும், குழல் தானே தலை திருப்பும், வயிற்றுக்குள் அடுக்கிவைத்த குண்டைத் தானே எடுத்துத் தானே ஊட்டிக்கொள்ளும். நாம் எங்கே நிற்கிறோம், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எப்படி, எல்லாம் அதற்கே தெரியும். சாப் சுடு என்பார். சுட்டு முடித்ததும் காலைத் தூக்கிக்கொள்ளும், நான் கிளப்பிக்கொண்டு ஓடிவிட வேண்டும், ஏனென்றால் குண்டு வந்த வழியைப் பார்த்துக் கணக்குப் போட்டு எதிரி திருப்பி அடிப்பான், அவன் குண்டு இங்கே வந்து விழும்போது இங்கே நம் டயர்த்தடம் மட்டும்தான் இருக்க வேண்டும். நின்று, அடித்து, ஓடுவது. ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் இதில் டிரைவர் பெரிய ஆள் என்று எங்கள் கம்பெனியில் வேலைக்கு எடுக்கும்போது சொன்னார்கள். பெரிய ஆள். கல்லை எடுத்தானா இல்லையா என்று தெரியாத பெரிய ஆள்.

காலையில் இதே இடத்தில்தான் ஒத்திகை, பீரங்கி வாங்க வந்திருக்கிறவர்களுக்குச் சுட்டுக் காட்டுவதற்கு. இதே இடம் என்றால் இதே இடம், திரையில் ஒரு புள்ளி காட்டும், அந்தப் புள்ளியின் மேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், சாணைக்கல்லில் கத்தி வைக்கிற மாதிரி. குண்டில்லாமல் வெறும் ஒத்திகை. நடுவில் ஷீபா மேடத்தின் திரை எதற்கோ உறைந்துபோய், இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாரும் இறங்கி நின்றோம். இந்த இடம் லேசாய்ப் பின்பக்கம் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, டிரைவருக்குத் தெரியும். மஞ்சள் ரப்பர்க் கட்டை இரண்டு கம்பெனி கொடுத்திருக்கிறது, அது மெக்கானிக் ஜீப்பில் இருந்தது, ஜீப் விருந்தாளிகளுக்குப் போட்ட பந்தல் பக்கம் போயிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறது, கியர் போட்டிருக்கிறது, எட்டுச் சக்கரமும் சிலைபோல நிற்கிறது, ஆனால் கை கேட்கவில்லை. வெறுங்காலோடு நிற்கிற வண்டியைப் பார்த்தால் எனக்கு வெறும் கழுத்தோடு நிற்கிற சம்சாரத்தைப் பார்க்கிற மாதிரி. பக்கத்து முள்மரத்தடியில் ஒரு கல் கிடந்தது, இரண்டு கையாலும் தூக்குகிற கனம், வெயிலில் காய்ந்து சுட்டது, ஒரு பக்கம் தட்டை. கொண்டுவந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி குதிகாலால் ஒரு உதை உதைத்து இறுக்கினேன். இதுவரைக்கும் சரி. இது நிச்சயம். அப்புறம் பேசிக்கொண்டிருந்தோம், சாப் அவருடைய பேத்தி நீச்சல் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சொன்னார், தண்ணியே இல்லாத ஊர்ல நீச்சல் கத்துக்கினு இன்னா பண்ணப்போறா என்றார். அப்புறம் வயர்லெஸ்ஸில் திடீரென்று கிளம்பு கிளம்பு என்றார்கள், விருந்தாளிகள் வருகிறார்கள், இடத்தைக் காலி பண்ணு என்று. சாப் ஏறினார். மேடம் ஏறியது. நான் ஏறினேன். ஏறுவதற்கு முன்னால்? பின்னால் போனேனா? போயிருக்கிறேன். போய் ஒன்றுக்கிருந்தேன். அது தெரிகிறது. ஒன்றுக்கிருந்துவிட்டு கல்லை எடுத்தேனா, அல்லது கல்லுக்குப் பக்கத்தில் போனதே ஒன்றுக்கிருக்கத்தானா?

சங்ககிரியில் லாரித் தொழிலுக்குப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்வது ஸ்டியரிங் இல்லை, கல். கிளீனராய் ஏறினால் வண்டி நிற்பதற்குள் குதித்துக் கல்லைப் போட வேண்டும், வண்டி நகர்ந்ததும் கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொள்ள வேண்டும். போடாமல் விட்டால் வண்டி உருண்டு போகும். எடுக்காமல் விட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது, நாம் போய்விடுவோம், பின்னால் இருட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெண்டாட்டியைப் பிள்ளையோடு வைத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் ஆகும். அதனால் கல்லைப் போட மறந்த கிளீனரை டிரைவர் திட்டுவான், கல்லை எடுக்க மறந்த கிளீனரை அடிப்பான். ஒருமுறை தொப்பூர்க் கணவாய்க்கு மேலே டீ குடித்துவிட்டுக் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகு, கல்லை எடுத்தியாடா என்று கேட்ட டிரைவர் என் முழியைப் பார்த்தே வண்டியைத் திருப்பினார். திரும்பிப் போனால் கல் அங்கே இல்லை. நான் எடுத்ததா, வேறு யாராவது எடுத்ததா, எவனாவது மோதித் தெறித்துப் பள்ளத்தில் விழுந்ததா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வேலையே கையில்தான் இருக்கிறது. நினைவில் இல்லை. இப்போது கையைக் கேட்கிறேன். ஸ்டியரிங்கின் மேல் இருக்கிற இரண்டு கையையும் கேட்கிறேன், கல் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது. கனம்? இருக்கிறது. குனிந்து, நிமிர்ந்து? இருக்கிறது. கொண்டுவந்தபோது சுட்டதா கொண்டுபோனபோது சுட்டதா? கைக்கு அதெல்லாம் தெரியவில்லை. கைக்குக் கல் ஒன்றுதான்.

வயர்லெஸ் கரகரத்தது. ஹோல்ட் என்றார்கள். சாப் தாடையைச் சொறிந்துகொண்டே, குண்டு விழுகிற களத்து ஓரத்தில் எவனோ ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டானாம், விரட்டிவிட்டுச் சொல்வார்களாம் என்று இந்தியில் வந்ததைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். ஷீபா மேடம் சரி என்று கை இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டது. தேசிங்கு என்பது சாப்பின் பெயர், வேலூர்ப் பக்கம், சுபேதாராய் ஓய்வு பெற்றவர், பட்டாளத்துக்காரர்கள் சாப் என்று கூப்பிட்டு நாங்களும் சாப் என்றே கூப்பிடுகிறோம். இந்த ஹோல்ட் வந்திருக்கக் கூடாது. வராமல் இருந்தால் இந்நேரம் சுட்டு முடிந்து, ஓடி முடிந்து, கல் இருந்ததா இல்லையா என்பது முடிந்துபோன சங்கதியாகியிருக்கும். இப்போது நேரம் கிடைத்துவிட்டது, நேரம் கிடைத்தால் மனசு சும்மா இருக்குமா. ஒருவேளை எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காலையில் வண்டி முன்னால் போய்விட்டது, கல் மட்டும் இங்கேயே. இப்போது நான் வளைந்து வந்து அதே புள்ளியில் நின்றேன், புள்ளியின் மேல்தான், ஆனால் ஒரு முழம் முன்னேபின்னே இருக்கும். அப்படியென்றால் கல் சக்கரத்துக்குப் பின்னால் இல்லை, ஸ்பேடுக்குக் கீழே. ஸ்பேடு மண்ணைப் பிடிக்கவில்லை, கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டுமே. முதல் குண்டுக்கு நிற்கும். முதல் குண்டு போகும்போது வண்டி மொத்தமும் பின்னால் ஒரு உந்து உந்தும், கல் நொறுங்கும், அல்லது புரளும், வண்டி ஒரு ஓரமாய்க் குந்தும். அடுத்த குண்டு? வண்டி சாய்ந்தால் திரை கண்டுபிடித்துச் சரிசெய்யும் என்று மேடம் சொல்லியிருக்கிறது. உந்துகிற அதே நொடியில் சாய்ந்தால் கண்டுபிடிக்குமா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். குழல் முனையில் ஒரு அரிசி அகலம் அசைந்தால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தெரு தள்ளி விழும் என்று சாப்தான் சொன்னார், நமக்கு அரிசி, அவங்களுக்குத் தெரு.

அங்கே ரத்தினகிரி இருக்கிறான். என் சம்சாரம் வளர்மதியின் அண்ணன், எனக்கு மச்சான். இந்த வேலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். போர்வெல் வண்டியில் ராத்திரி பகல் தெரியாமல் மண்ணைத் தின்றுகொண்டிருக்கிறான், உங்க கம்பெனியில ஜீப் ஓட்டவாவது விடக்கூடாதா என்று வளர்மதி ஒருநாள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள், ரசம் ஊற்றும்போதும் கேட்டாள், மோர் ஊற்றும்போது நான் சரி என்றேன். இப்போது குண்டு விழுகிற இடத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களை ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர்களோடேயே பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருக்கிறான். பதுங்குகுழி கெட்டியானது, மேலே காங்கிரீட், அதற்கு மேலே மண்மூட்டை. விழுகிற இடத்துக்கும் அதற்கும் நல்ல தூரம். ஒரு தெரு தள்ளி விழுந்தாலும் தூரம்தான். ஆனால் ரத்தினகிரி உள்ளே உட்காருகிற ஆளா? போன தடவை வெளியில் வந்து ஜீப் பானட்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவனை அதிகாரி ஒருவர் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார், அதை அவனே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான், கர்னலே என்னயத் தொட்டு இழுத்தாருங்கோ என்று. இன்றைக்கு ஒரு குண்டு இல்லை. ஆறு. ஒரே பீரங்கியிலிருந்து ஆறையும் ஒவ்வொரு உயரத்தில் விடும், முதல் குண்டை வானத்துக்கு நேராய்த் தூக்கி விடும், அடுத்தது அதற்குக் கொஞ்சம் தாழ, அடுத்தது இன்னும் தாழ, கடைசிக் குண்டு தட்டையாய்ப் போகும், ஆறும் வேறுவேறு வழியில் போய் ஒரே நொடியில் ஒரே இடத்தில் இறங்கும். ஆறு பீரங்கி சேர்ந்து அடித்தது மாதிரி. பந்தலில் உட்கார்ந்திருக்கிற வெளிதேசத்துக்காரர்கள் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

ஸ்டாப் சொல்லலாம். முதல் நாள் பாடத்திலேயே சாப் சொன்னது அதுதான், பீரங்கிப் பக்கத்தில் நிற்கிற எவனும் ஸ்டாப் சொல்லலாம், ஜெனரலும் சொல்லலாம் தண்ணி ஊத்துறவனும் சொல்லலாம், சொன்னா நிக்கணும், ஏன் சொன்னேன்னு அப்புறம்தான் கேக்கணும். போன வாரம் நான் சொன்னேன். தூரத்தில் ஒரு பொம்பளை சிவப்பு முக்காட்டோடு நிற்கிற மாதிரித் தெரிந்தது. ஸ்டாப் என்றேன். நின்றது. ஆள் போய்ப் பார்த்தால் முள்மரத்தில் மாட்டிய துணி. ஏன் என்று யாரும் திட்டவில்லை, சரிதான், சந்தேகம் வந்தா சொல்றதுதான் என்று எல்லாருமே சொன்னார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடாரத்தில் சமையல்காரர் என் தட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்தார், போதுங்க போதுங்க என்றேன், ஊற்றிக்கொண்டே இருந்தார், நீங்க ஸ்டாப்னு சொன்னாத்தான் நிறுத்துவேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சோறு சாம்பாரில் மிதந்தது. அதிலிருந்து ஸ்டாப்பு நாச்சி. நாச்சிமுத்து என்று ஆசையாய் வைத்த பெயர். ரத்தினகிரிகூட அப்படிக் கூப்பிடுகிறான், அவனுக்காகத்தான் இப்போது நான் வேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, அதிலும் வேர்க்கிறது.

சாப் என்று கூப்பிட்டேன். வாய் கூப்பிட்டுவிட்டது. அவர் திரும்பி, இன்னா தம்பி, தண்ணி வேணுமா என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். தாகம் என்றே நினைத்துக்கொண்டார், பாவம். பாட்டிலை மூடிக் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்பேடைத் தூக்க வேண்டும், தூக்கினால் எல்லாம் முதலிலிருந்து, பந்தலில் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிற எங்கள் கம்பெனி ஆள் என்ன சொல்லுவார், எங்கள் பீரங்கி வந்து நின்று சுட இத்தனை நொடிதான் என்று இப்போதுதான் சொல்லி முடித்திருப்பார். பின்னால் பார்க்கிற கேமரா இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் புழுதி, திரையில் காவி நிறத்தில் ஒரு கலக்கம், அதற்குள் இருட்டாய் ஒரு உருண்டை, கல் என்றால் கல், ஸ்பேடின் நிழல் என்றால் நிழல். எங்கள் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர், நிலக்கடலை உரித்துக்கொண்டே ஒரு கதை சொல்லுவார், ஒரு வேடன் அம்பு விட்டானாம், விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டானாம், சோறு தின்றானாம், கல்யாணம் பண்ணினானாம், பிள்ளை பெற்றானாம், அம்பு இன்னும் விழவில்லையாம். எங்க விழுந்துச்சுங்க அப்பாரு என்று கேட்டால், விழட்டும் சாமி, விழுந்த அன்னிக்குச் சொல்றேன் என்று அடுத்த கடலையை உடைப்பார். அவர் செத்த பிறகும் அது விழவில்லை. இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன். கல்லை நினை. முள்மரத்தைப் பார். காலையில் கல் கிடந்த இடம் இங்கிருந்தே தெரியும், எடுத்து அங்கேயே போட்டிருந்தால் அங்கே இருக்கும். முள்மரத்தடியில் கல் இருக்கிறது. இருக்கிறது! ஒன்றில்லை, நாலைந்து இருக்கிறது. காலையில் எத்தனை இருந்தது? நாலா, ஐந்தா? கல்லை யார் எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிக் கிடக்கிறது, தூக்கிப் போட்டது மாதிரி. ஆனால் எல்லாக் கல்லும் யாரோ தூக்கிப் போட்டது மாதிரித்தான் கிடக்கும், கல் வேறு எப்படிக் கிடக்கும்.

வயர்லெஸ். ஒட்டகம் போய்விட்டது. சாப் முதுகை நிமிர்த்தினார், அவருடைய குரலே மாறிவிடும் அப்போது, பேத்தி நீச்சலெல்லாம் போய்விடும். மேடத்தின் கை மடியிலிருந்து திரைக்குப் போனது. மேலே குழல் அசைந்தது, தலைக்கு மேல் ஒரு பெரிய மாடு கழுத்தைத் திருப்புவது மாதிரி, உள்ளே எங்கோ குண்டு உருண்டு வந்து படுக்கிற ஓசை. மருந்து. பச்சை விளக்கு. எல்லாம் பச்சை. திரைக்குச் சந்தேகம் ஒன்றுமில்லை, எல்லாமே பச்சை, திரைக்கு எவ்வளவு நிம்மதி. சாப் இந்தியில் தயார் என்றார். எடுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். எடுத்துப் போட்டுவிட்டேன், எடுத்துப் போட்டுவிட்டேன், அப்படிச் சொல்லிப் பார்த்தால் எடுத்தது மாதிரியே இருந்தது, குனிந்தது தெரிந்தது, ஓரத்தில் போட்டதும் புழுதி எழுந்தது தெரிந்தது, ஆனால் அந்தப் புழுதிக்குப் பின்னால் தொப்பூர்க் கணவாய் தெரிந்தது. அது வேறு கல். அய்யோ அது வேறு கல். இந்தக் கல்லை எடுத்தது எனக்குத் தெரியவேயில்லை. எடுக்காததும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது, அதை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான். சாப் வாயைத் திறந்தார்.

“ஸ்டாப்.”

என் குரல்தான். ரொம்ப மெல்லத்தான் வந்தது, எனக்குக் குரல் எப்போதும் அப்படித்தான், லாரியில் கிளீனராய் இருந்தபோது ரைட் ரைட் என்று கத்தினால் டிரைவருக்கே கேட்காது. ஆனால் சாப்புக்குக் கேட்டுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, முதலில் ஸ்டாப் என்று அவரும் சொன்னார், மேடமும் சொன்னது, கையைத் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதது இவ்வளவு சத்தமாய் இருக்கும் என்று தெரியாது. அப்புறம்தான் சாப் திரும்பினார், காலையில் கல் வைத்ததையும் ஸ்பேடையும் நறுக்கையும் நான் முன்பின்னாய்ச் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டார். வயர்லெஸ்ஸில் என்ன என்ன என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கல்லு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

“தெரியலீங்க சாப்.”

“எட்த்தியா?”

“தெரியலீங்க.”

மேடம் பின்னாலிருந்து, லெவல் எல்லாம் சரியாத்தான் காட்டுதாக்கும் சாப் என்றது. என்னைக் காட்டிக்கொடுக்கிற குரல் இல்லை, பாவம் அண்ணன் என்கிற குரல்தான், அதுவே மோசமாய் இருந்தது. சாப் தன் முழங்காலைப் பார்த்தார். பட்டாளத்தில் எத்தனை ஸ்டாப் கேட்டிருப்பார், எத்தனை துணி மாட்டிய முள்மரம் பார்த்திருப்பார். தெரியலன்னா தூக்கு என்றார். குண்டை முதலில் வெளியே எடுக்கச் சொன்னார், குழல் காலி என்று மேடம் இரண்டு முறை சொன்ன பிறகு ஸ்பேடைத் தூக்கச் சொன்னார், வயர்லெஸ்ஸில் பத்து நிமிஷம் என்றார், ஏன் என்று கேட்டதற்கு ஸ்பேடுக்கு அடியில பாக்கணும் என்று மட்டும் இந்தியில் சொன்னார், நாச்சி என்ற பெயரே அதில் வரவில்லை. நான் இறங்கினேன். வெயில் அறைந்தது. பின்னால் போனேன். கல் இருந்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டினேன், இருக்கக் கூடாது என்று ஒரு பக்கம், இரண்டு வேண்டுதலும் ஒரே சாமிக்கு, அது எதைக் கேட்கும். தூக்கிய ஸ்பேடிலிருந்து மணல் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பெட்டியாய்ப் பதிந்த பள்ளம். பள்ளத்தின் ஒரு மூலையில் கல். கல் என்றும் சொல்ல முடியாது, கல்லாய் இருந்தது, இரண்டு துண்டும் மிச்சம் பொடியும். உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். தட்டையான பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உடைந்த பிறகு எல்லாப் பக்கமுமே தட்டைதான். சாப் எனக்குப் பின்னால் வந்து நின்றார். உன் கல்லா என்று கேட்டார். இருக்கலாமுங்க என்றேன். இந்த மண்ணிலேயே கிடந்ததாகவும் இருக்கலாம், நேற்று இந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் பண்ணியவர்கள் விட்டதாகவும் இருக்கலாம், கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன், தெரியவில்லை. மேடமும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தது. இதுமேல சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும் மேடம் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டது, அப்படியே மண்ணுக்குள்ள அமுங்கிப் போயிருக்கும், ஒண்ணும் ஆயிருக்காது, என்று சொல்லிவிட்டு, இல்ல, சொல்ல முடியாதாக்கும் என்றது. சாப் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கப் போகிற மாதிரி மீசை அசைந்தது.

“சுட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் எந்த வண்டியும் வராத பக்கமாய்ப் பார்த்துப் போட்டேன். போட்டதைத் திரும்பி நின்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். சாப் என்னை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. வண்டியை ஒரு ஆள் நீளம் முன்னால் நகர்த்தினேன், மறுபடி கால்கள் இறங்கின, ஸ்பேடு படுத்தது, நறுக் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். நறுக்கைத் தேடுகிறவனுக்கு நறுக் கேட்கவும் செய்யும், கேட்காமலும் போகும். குழல் நிமிர்ந்தது, பச்சை வந்தது, சாப் சுடு என்றார். முதல் குண்டு. கேபின் மொத்தமும் பின்னால் போய்த் திரும்பி வந்தது, பல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதியது, கண்ணாடிக்கு வெளியே உலகம் ஒருமுறை புழுதியாகி மறுபடி உலகமானது. குழல் கொஞ்சம் தாழ்ந்தது. அடுத்தது. தாழ்ந்தது. அடுத்தது. ஒவ்வொரு முறையும் என் இடுப்பெலும்பு கீழே காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆறாவது போய்க் கால்கள் தூக்கிக்கொண்டதும் சாப் என் தோளைத் தட்டினார், நான் கிளப்பினேன். ஓடினோம். இந்த வண்டி இப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை, மேடும் பள்ளமும் சக்கரத்துக்குக் கீழே சமமாகிக்கொண்டே வந்தன, கண்ணாடியில் நாங்கள் நின்ற இடம் சின்னதாகி ஒரு புழுதிப் பொட்டாகி இல்லாமல் போனது. ஆறு குண்டும் மேலே இருந்தன. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுடுவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் ஸ்டாப் சொல்லலாம், தண்ணி ஊற்றுகிறவன் கூடச் சொல்லலாம், இப்போது யாரும் சொல்ல முடியாது, ஜெனரலும் முடியாது. ஒன்று உச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும், ஒன்று நடுவில், ஒன்று தட்டையாய்ப் பறந்துகொண்டிருக்கும், நான் இங்கே மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாறுகிறேன், ரத்தினகிரி உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா. சாப் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. டிரைவர்கள் எங்களுக்குள் பேசிக்கொள்கிற சின்ன வாக்கிடாக்கி டாஷ்போர்டில் குதித்துக்கொண்டிருந்தது, அது வண்டி குதிப்பதால் குதிக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அதைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன். வெகுநேரம். வெகுநேரம் இருக்காது. அப்புறம் அது கரகரத்தது.

“மாப்ள,” என்றான் ரத்தினகிரி. இருமினான். “மாப்ள, காது ஙொய்ங்குதுரா. நீ பேசறது ஒண்ணுமே கேக்கல.”

நான் ஒன்றும் பேசவேயில்லை.